சண்டைக்கு நடுவே ஒரு கையெழுத்து

மலேசியாவில், அலோர் காஜாவிலிருந்து மலாக்கா போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள்:

“சண்டை இன்னும் முடியல. குடிநுழைவு ஆபீஸ்ல உங்க கையெழுத்து வேணும்னுதான் பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

“நான் வரலன்னா உனக்கு விசா இல்ல லா. நேரா புதுக்கோட்டைக்குப் பிளேன் ஏற வேண்டியதுதான்.”

“ஏத்தி விட்டுடுவீங்களா?”

“அப்புறம் நான் யாருகிட்ட சண்டை போடறது?”

அவள் சிரித்துவிட்டு, அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

விசா புதுப்பிக்க ஆண்டுதோறும் நாங்களும் இப்படித்தான் போவோம். என் மனைவிக்கு ஜன்னலோரம் வேண்டும். ஒரு வருடம், சண்டைக் கோபத்தில், நான் கையெழுத்துப் போடப் போகவில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பியவள் பிறகு வரவே இல்லை.

நான் போகாமல் இருந்த அன்று காலை, எனக்காக அவள் தேய்த்து வைத்திருந்த சட்டையை நான் தொடக்கூட இல்லை.