பனிநாட்டு உளவாளியும் என் நாத்தனாரும்

…அதான் கேக்கறேன் மேடம், ஒரு மனுஷி நிம்மதியா ஒரு க்ரைம் நாவல் படிக்கக்கூடாதா இந்த ஊர்ல? ம்ஹும், பேசாதீங்க, பேசாதீங்க! பஞ்சு நழுவிடும். ஊசி இப்பத்தான் போட்டிருக்கேன், கடைவாய்ப் பக்கம் மரத்துப்போக நேரமாகும். அதுவரைக்கும் நீங்க பஞ்சைக் கடிச்சிக்கிட்டு இருங்க, நான் பேசறேன். வலிச்சா இடது கையத் தூக்குங்க. வலிச்சா மட்டும்!

மாடி வீட்டுக்குப் புதுசா வந்தவங்ககிட்ட முதல் நாளே பொலம்பறாளேன்னு நெனைக்காதீங்க. நீங்க உள்ள வரும்போதே கையில லைப்ரரி புக்கைப் பாத்தேனா… அட்டையில பனி, ஒத்தைக் காரு, முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ஆளு. அவ்ளோதான், மனசு கேக்கல. நானும் அதே கட்சிதான். ஸ்வீடன், நார்வே, டென்மார்க்… போலீஸே ஒருத்தனைக் கும்பலுக்குள்ள அனுப்பி வைக்கும் பாருங்க, அவன் அவங்களோடயே காபி குடிச்சிக்கிட்டு, அவங்க ஜோக்குக்குச் சிரிச்சிக்கிட்டு, வெளிய தகவல் கொடுத்துக்கிட்டு… எப்ப மாட்டுவானோ எப்ப மாட்டுவானோன்னு நம்மால புக்கைக் கீழ வைக்கவே முடியாது. மத்தியானம் பேஷண்ட் இல்லாத நேரமெல்லாம் இந்த நாற்காலியிலதான் படிப்பேன். ஆமா, நீங்க சாஞ்சிருக்கற இதே நாற்காலிதான். காலை நீட்டினா சொர்க்கம்.

என்னோட சேர்ந்து படிக்கறது ஒரே ஒரு ஆளு, என் நாத்தனார். எங்க வீட்டுக்காரரோட அக்கா, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். நான் ஒரு புக்கு, அவங்க ஒரு புக்கு, அப்பறம் மாத்திக்குவோம். சாயங்காலம் போன்ல ஒரு மணி நேரம், உளவாளி இவன்தான், இல்ல அவன்தான்னு அடிச்சிக்குவோம். பேசாம நீங்க ரெண்டு பேரும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வச்சிடுங்கம்பாரு அவரு.

அப்படி இருந்த உறவுல மண்ணு விழுந்துச்சு மேடம், மூணு வாரத்துக்கு முன்னாடி. லைப்ரரிலேர்ந்து ஒரு புக்கு எடுத்தேன். நாப்பதாவது பக்கம். மீன் குடோன்ல ஒருத்தன் பெட்டி அடுக்கறான், பாவம், அந்தப் பக்கத்துல ஒரே ஒரு வரிதான் பேசறான். அவன் பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ஒரு பெருக்கல் குறி! படிச்சு கடைசிக்கு வந்தா… அவனேதான் உளவாளி! முந்நூத்திச் சொச்சம் பக்கம் மேடம்! அவன் வாயத் தொறக்கறப்பல்லாம் ‘நீதானே, தெரியும்டா’ன்னு படிச்சா அதுல என்ன ருசி இருக்கு?

யாரு போட்டிருப்பா? அந்த அலமாரிப் பக்கம் போறதே நாங்க ரெண்டு பேருதான். அதுலயும் முப்பது வருஷமா பிள்ளைங்க நோட்டுல தப்புப் போட்டே பழகின கை யாருது? சொல்லுங்க! இல்ல, சொல்லாதீங்க, பஞ்சு.

நேராக் கேட்டிருக்கலாம். கேக்கலையே! எல்லாம் புக்குல படிச்ச புத்தி… உள்ளுக்குள்ள ஆள் அனுப்பினேன். யாரை? எங்க வீட்டுக்காரரை! ‘சும்மா பாக்கப் போற மாதிரி போங்க, மேசையில என்ன பென்சில் இருக்கு, தப்பு எப்படிப் போடறாங்கன்னு நோட்டம் விட்டுட்டு வாங்க’ன்னேன். போனாரு. அக்கா சுடச்சுட சாப்பாடு போட்டிருக்காங்க. ரெண்டாவது வாய் உள்ள போறதுக்குள்ள மொத்தத்தையும் கக்கிட்டாரு! அதோட விட்டாரா? வீட்டுக்கு வந்து, அக்கா என்னைப் பத்தி என்னல்லாம் சொன்னாங்கன்னு அதையும் ஒண்ணு விடாம என்கிட்ட ஒப்பிச்சாரு. ரெண்டு பக்கமும் சாப்பாடு! அந்தப் பனிநாட்டுக் கும்பலா இருந்தா இவரை முதல் அத்தியாயத்துலயே ஏரியில போட்டிருப்பாங்க.

அன்னிலேர்ந்து பேச்சு இல்ல. நாங்க ரெண்டு பேரும் தொடர்ந்து படிச்சிட்டு வந்த ஒரு வரிசையில புதுசா வந்த கடைசிப் பாகம் வேற அவங்ககிட்டதான் இருக்கு. அது கிடக்கட்டும். நான் வேற ஒண்ணைப் படிச்சு முடிச்சுட்டு போனைக் கையில எடுக்கறேன்… யாருக்குப் போடறது? இவருகிட்ட கதை சொன்னா ரெண்டாவது கொலைக்குள்ள தூங்கிடறாரு.

உதடு மரத்துச்சா? இன்னும் இல்லையா? சரி, உங்க பல்லு ஷீட்டை எழுதிடறேன். அந்தப் புக்கை இப்படிக் கொடுங்களேன், நீங்க என்னதான் படிக்கறீங்கன்னு… அட, மீன் குடோன்! அதே புக்கு மேடம்! நாப்பதாவது பக்கம், இதோ! பாத்தீங்களா அநியாயத்தை? …ஐயையோ. உங்களுக்கு முடிவை நானே சொல்லிட்டேனா? நீங்க இன்னும் பதினஞ்சாவது பக்கத்துலயா இருக்கீங்க? மன்னிச்சுக்கோங்க, வாய்தான் எனக்கு எதிரி.

சரி, ஷீட்டு. கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிப் பல்லு… பிடுங்கத்தான் வேணும், வேற வழியில்ல… என்ன மேடம், கையத் தூக்கறீங்க? வலிக்குதா? நான் இன்னும் பல்லைத் தொடவே இல்லையே! எதைக் காட்டறீங்க? ஷீட்டா? ஆமா, பிடுங்கற பல்லுன்னா வட்டம் போட்டு உள்ள பெருக்கல் போடுவேன், படிக்கற காலத்துலேர்ந்து என் பழக்கம். இப்ப எதை? புக்கா? புக்குல…

…

அடக் கடவுளே.

இது என் கை மேடம்.

அப்போ இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன்! அதான் கதை எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு! நான் அதை எழுதினவரோட திறமைன்னுல்ல நெனச்சேன்! எல்லா அட்டையிலயும் அதே பனி, அதே காரு… எதைப் படிச்சோம் எதைப் படிக்கலன்னு எவளுக்குத் தெரியும்? இந்த நாற்காலியில சொக்கிக்கிட்டே, ‘இவனைப் பிடுங்கணும்’னு ஷீட்டுல போடற மாதிரி போட்டு வச்சிருக்கேன்! ஆனா ஒண்ணு, நாப்பதாவது பக்கத்துலயே ஆளைப் பிடிச்சிருக்கேன் பாருங்க! சிரிக்காதீங்க, பஞ்சு!

இருங்க, போன் போடறேன். இப்பவே. தள்ளிப் போட்டா எங்க வீட்டுக்காரரு முந்திக்குவாரு.

ஹலோ… அக்கா, வச்சிடாதீங்க. நான்தான். …தப்பு என்னுதுக்கா. அந்தக் குறி நான் போட்டது. …ஆமா, நானே. …சிரிங்க, நல்லா சிரிங்க. …என்னது, கடைசிப் பாகத்தைப் பிரிக்கவே இல்லையா? மூணு வாரமாவா? ஏன்க்கா? …

அழ வைக்காதீங்கக்கா, கிளவுஸோட கண்ணைக் கூடத் தொடைக்க முடியாது. …எனக்கும் தனியாப் படிச்சா ருசிக்கலக்கா. யார்கிட்ட பேசறது?

அக்கா, ஒண்ணு செய்யுங்களேன். புக்கு பக்கத்துல இருக்கா? முதல் அத்தியாயத்தை இப்பவே வாசிங்க, ஸ்பீக்கர்ல போடறேன். இங்க மாடி வீட்டு மேடம் இருக்காங்க, அவங்க கதையை நான் கெடுத்துட்டேன், பாவம், இதையாவது கேக்கட்டும். மரத்துப்போக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.

மேடம், கண்ணை மூடிக்கோங்க.

ம்… ஆரம்பிங்கக்கா. பனி பெய்யுதா?