அரிசிப் பானைக்குள் இருந்த கடிதம்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ். என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் டீச்சர் என்பது மடியிலிருந்த மாணவர் கொப்பிக் கட்டிலேயே தெரிந்தது.

“என் கடிதம் மூணு வாரமா அரிசிப் பானைக்குள்ள இருந்திச்சுக்கா” என்றார் அவர். நான் ஜன்னலை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நேபாளத்துல படிப்பிக்க வரச்சொல்லி வரவேண்டிய கடிதமா?”

“அதேதான். அது இல்லாம விசா கிடைக்காது. நாளையோட தவணை முடியுது. நான் போகலைன்னே முடிவு பண்ணியிருந்தேன்.”

“யாரு வீட்டுப் பானையில?”

“மேல் லயத்துக் கடைசி வீட்டுச் செல்வியக்கா பானையில. நம்ம கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தானே வரும். என் பேரும் செல்வி, அவங்க பேரும் செல்வி; முன்னெழுத்து மட்டும்தான் வேற. ஆபீஸுல அவங்க கையில குடுத்துட்டாங்க. இங்கிலீஷ்ல இருக்கவும் கோர்ட்டுக் கடிதம்னு பயந்து, புருஷனுக்கும் தெரியாம ஒளிச்சு வச்சிட்டாங்க.”

“அப்புறம்?”

“நேத்து பயம் தாங்காம, ‘வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர்’னு என்கிட்டயே கொண்டாந்தாங்க. என் பயணச் செலவுக்காக ஞாயித்துக்கிழமையும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்து, அந்தக் காசைக் குடுத்தவங்கக்கா அவங்க! ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுதுட்டோம். இன்னைக்கு ஹட்டன்ல இருந்து விசாவுக்கு அனுப்பியாச்சு.”

மூத்தவர் பெருமூச்சு விட்டார். “சாமி காப்பாத்திச்சு. அங்க என்ன படிப்பிக்கப் போறீங்க?”

“தாய்மாருக்கு இங்கிலீஷ் வாசிக்கப் பழக்கணும்.”

“அப்ப மேல் லயத்துச் செல்விக்கு யாரு பழக்குறது?”

“நேத்தே தொடங்கியாச்சு. இனிமே முன்னெழுத்தைப் பாத்துட்டுத்தான் கடிதத்தைக் கையில வாங்குவாங்களாம்.”