இடியாப்ப பாய்லரும் ஒரு துணைக்காலும்

ஹலோ… ஹலோ… கேக்குது மாமா, நல்லாவே கேக்குது. கொஞ்சம் மெதுவா பேசுங்க, இப்படிக் கத்தினா விழுப்புரத்துலேர்ந்து போன் இல்லாமலே திண்டிவனத்துக்குக் கேக்கும்… ஆமா, வேணுதான். லோகோ ஷெட்டுக்கு டிரங்க் கால் போட்டு உங்களக் கூப்புட வேற யாரு இருக்காங்க… இல்ல, வெடிக்கலை… வெடிக்கலை மாமா. எவன் சொன்னான் வெடிச்சிதுன்னு?… கண்டக்டரா? மரக்காணத்துல காத்தாலே நடந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி உங்க ஷெட்டுக்கு வந்துடுச்சா? உங்க ரயிலு இந்த ஜல்தியில ஓடினா தேவலை.

தோணியில வெச்ச நம்ம பாய்லர்ல ஒரு குழா வாயத் தொறந்துச்சு, அவ்ளோதான். இருவத்தெட்டு குழாயில ஒண்ணு. மிச்சம் இருவத்தேழும் வாய மூடிக்கினு மரியாதையா ஒக்காந்துக்கினு இருக்குது… ஆமா… ஆமா, இடியாப்பம்தான். குழாயெல்லாம் பின்னிக்கினு இருக்குதுன்னு நீங்கதான் பேரு வெச்சீங்களே, இப்ப மரக்காணம் பூரா அந்தப் பேருதான். 'இடியாப்பம் வெந்துடுச்சா தம்பி'ன்னு சின்னப் புள்ளைங்க கூட கேக்குது. சந்தோசமா?

மாமா, அதுதான் மாமா வாட்டர் ட்யூபு. நானும் ரெண்டு வருஷமா சொல்லிக்கினே இருக்கேன். உங்க ஒய்.பி. ரயில் இஞ்சின்ல குழாய்க்குள்ள நெருப்பு போவுது, சுத்தி அண்டா அண்டாவா தண்ணி நிக்குது. அது வாயத் தொறந்தா அடுத்த ஸ்டேஷன்ல போய்ப் பொறுக்கணும். என்னுதுல தண்ணி குழாய்க்குள்ள, நெருப்பு வெளிய. ஒரு குழா போனா அந்தக் குழாதான் போவும். படகுல இருக்கிறவன் பொழச்சிக்குவான்… ஆமா, பொழச்சிக்கினாங்க. எல்லாரும் பொழச்சிக்கினாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல… ஒண்ணும் இல்லன்னு சொல்றேனே.

…அப்புறம் இன்னொரு விசயம், நெருப்பு வெச்சு பதினெட்டே நிமிஷத்துல ஸ்டீம் மாமா. பதினெட்டு. உங்க ஷெட்டுல விடிகாலையில நெருப்பு போட்டா, பயருமேன் ரெண்டு டீ குடிச்சு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து பாத்தாக்கூட பிரஷர் முள்ளு நகர்றதில்ல… தெரியும், தெரியும், இருவத்திரெண்டு வருஷ சர்வீசு. நீங்க பாய்லர் பக்கத்துலயே பொறந்தவரு. அதனாலதானே உங்களுக்குப் போன் பண்றேன்.

இப்ப சங்கதி என்னான்னா… மாரியப்பன் செவ்வாக்கெழமை வரைக்கும்தான் தவணை குடுத்திருக்காரு… தோணிக்காரர் மாரியப்பன்தான், வேற எந்த மாரியப்பன்? புதங்கெழமை உப்பு லோடு ஏத்தணுமாம். அதுக்குள்ள இது ஓடலைன்னா கடப்பாரையப் போட்டு நெம்பி, பாய்லர எடைக்குப் போட்டுட்டு, பழையபடி கழியால தள்ளிக்கினு போறேன்றாரு. எடைக்கு மாமா. நானு ரெண்டு வருஷம் படம் போட்டு, நீங்க லீவு லீவா வந்து குழா வளைச்சு, அது பழைய இரும்புக் கடையில ஒடஞ்ச சட்டி பக்கத்துல ஒக்காரப் போவுது… அவரச் சொல்லக் கூடாதுதான். ரெண்டு மாசமா தோணி கரையில கட்டிக் கெடக்குது. அதுதானே அவருக்குச் சோறு. தெரியும்.

அதனால நீங்க ஞாயித்துக்கெழமை வரணும். குழா வாயை விரிக்கிறீங்களே, உங்க எக்ஸ்பாண்டரு, அத எடுத்துக்கினு… ஒரு குழாதான், ரெண்டு மணி நேர வேலை… அப்படிச் சொல்லாதீங்க. உங்க ஜாயிண்டு ஒண்ணு கூட ஒழுகலை. அம்பத்தாறு வாய் விரிச்சீங்க, ஒரு சொட்டு கசியலை. சத்தியமா. நான் கிண்டல் பண்ணலை… இப்ப பண்ணலை.

…குழா ஏன் போச்சா? அதச் சொன்னாத்தான் உங்களுக்கு வயிறு எரியும். உப்பு ஆபீஸ்ல விருத்தாசலம்னு ஒரு கணக்கர் இருக்காரே, மூக்குப்பொடி… அவரு. அந்தப் புண்ணியவான். மாரியப்பனுக்குப் படிக்கத் தெரியாது இல்லையா, நேத்து சாயங்காலம் நான் சீட்டு ஒண்ணு எழுதி பஸ்ஸு கண்டக்டர் கையில குடுத்து அனுப்பினேன். காலையில நான் வர்றதுக்கு முன்னாடி பாய்லர்ல நல்ல தண்ணி ஊத்தி வைங்கன்னு. நல்ல தண்ணி. குடிக்கிற தண்ணி. தோணி ஓடற வாய்க்காத் தண்ணி உப்பு, அது வேணாம்னுதானே நல்ல தண்ணின்னு எழுதினேன்… அதத்தான் மாமா. இந்த மாரி பாய்லருக்கு உப்பு ஆவாது. குழா சின்னது, உள்ள உப்பு படிஞ்சா தண்ணி இரும்பத் தொடாது, இரும்பு பழுத்து வீங்கிடும்… தெரியுமா? தெரியும்னா சரி.

இந்த மகாப் பண்டிதர் விருத்தாசலம் அத எப்படிப் படிச்சுக் காட்டினாரு தெரியுமா? 'நல்லா தண்ணி ஊத்தி வைக்கவும்.' நல்லா! கலியாணப் பந்தியில சாம்பார் ஊத்தச் சொல்ற மாரி. இவரு படிக்க, மாரியப்பன் விடியக்கால எழுந்து, வாய்க்காலேர்ந்து குடம் குடமா மொண்டு, நல்லாவே ஊத்தியிருக்காரு. மனசு வெச்சு ஊத்தியிருக்காரு. கழுத்து மட்டும். கண்ணாடிக் குழாயில தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னே தெரியலை, மேலேர்ந்து கீழ வரைக்கும் தண்ணிதான்…

எக்ஸ்சேஞ்ச் மேடமா? இருக்கோம் மேடம், பேசிக்கினுதான் இருக்கோம்… ஆமா, இன்னொரு மூணு நிமிஷம்… தேங்க்ஸ் மேடம். ஹலோ, மாமா? இருக்கீங்களா?

நான் போறதுக்குள்ள நெருப்பும் வெச்சாச்சு. பத்தரைக்கு ராவு காலமாம், அதுக்கு முந்தியே பத்த வெச்சுட்டாங்க. ஸ்டீமத் தொறந்தேன், விசில்லேர்ந்து தண்ணி பீச்சிச்சு பாருங்க, கரையில நின்ன அத்தினி பேரும் குளிச்சாங்க. மாரியப்பன் மீசை காஞ்சதும் வெள்ளையா ஆயிடுச்சு. கருவாடு போட ஊற வெச்ச மாரி நின்னாரு… சிரிக்காதீங்க. சரி, சிரிங்க.

அப்புறம் நான் பாதித் தண்ணிய எறக்கிவுட்டேன். எறக்கினதும் இஞ்சின் சுத்திச்சு மாமா. சுத்திச்சு! தோணி நகந்துச்சு. கழி இல்ல, கயிறு இல்ல, ஆளு இல்ல, வாய்க்கா நடுவுல அது பாட்டுக்குப் போவுது. முப்பத்தஞ்சு நிமிஷம். கரையில புள்ளைங்க கூடவே ஓடி வருது. நான் அழுதேனா? யாரு சொன்னா? கண்ணுல கரி வுழுந்துச்சு.

…எந்தத் தண்ணின்னு அப்ப பாக்கலியா? பாக்கலை. தண்ணி ஜாஸ்தின்னு பாத்தேன், எந்தத் தண்ணின்னு பாக்கலை. ஆமா, எஞ்சினீரு. ஆமா, எல்.எம்.ஈ. டிப்ளமா படிச்சவன். சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க, நானே காசு குடுத்து திட்டு வாங்கிக்கினு இருக்கேன்.

கேளுங்க. மாரியப்பன் சம்சாரம் கிளியம்மா தோணியில ஒக்காந்துக்கினு வந்தாங்க. வேலை முடிஞ்ச ஸ்டீம் வெளிய போவுதே ஒரு குழா, அதுலேர்ந்து சொட்டிக்கினே இருந்துச்சு. அந்தம்மா ஒரு சொம்ப எடுத்து அடியில புடிச்சு, வாயில ஊத்திப் பாத்துட்டு, 'ஏன் தம்பி, வாய்க்காத் தண்ணிய ஊத்தினோம், நல்ல தண்ணியா வருதே'ன்னாங்க. கொஞ்சம் எண்ணெய் வாடையாம், மத்தபடி தேனாட்டம் இருக்குதாம். நானு 'என்னாது, வாய்க்காத் தண்ணியா'ன்னு திரும்பறேன், டப்புனு ஒரு சத்தம். குழா போச்சு. அடி வரிசை, நெருப்புக்கு நேரா இருக்கிறது. உள்ள பாத்தா மாமா, ஒரு வெரக்கடை கனத்துக்கு உப்பு. வெள்ளை வெளேர்னு. அவங்க உப்பளத்துல பாத்தி கட்டிக் காயப் போட்டாக்கூட அவ்ளோ ஜல்தியா வெளையாது.

அதனால விருத்தாசலத்தத்தான் நானு… ஆமா, மாரியப்பனையும் சொன்னேன். சொல்லாம? படிக்கத் தெரியலைன்னா நாலு பேரக் கேக்கிறது, கடல்லயும் உப்புலயும் பொறந்த ஆளுக்கு உப்புத் தண்ணி தெரியாதான்னு… ஆமா, எல்லாரும் இருந்தாங்க… ஆமா, அந்தம்மாவும் இருந்தாங்க… மாரியப்பனா? 'சீட்டுல எழுதினபடிதான் தம்பி செஞ்சேன்'னாரு. அவ்ளோதான். அப்புறம்தான் அந்தக் கடப்பாரைப் பேச்சு.

சீட்டா? எங்கிட்டதான் இருக்குது, பாக்கெட்ல. விருத்தாசலம் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்னு வாங்கிக்கினு வந்தேன், அந்தாளு சாப்புடப் போயிட்டாரு… இப்பவா? எதுக்கு? எழுதினவனுக்குத் தெரியாதா… சரி, படிக்கிறேன், படிக்கிறேன். பேஜாரு புடிச்ச ஆளு நீங்க. இருங்க, பிரிக்கிறேன். கேளுங்க. 'காலையில் நான் வருமுன் பாய்லரில் நல்…'

…

…இல்ல, லைனு கட்டாவலை. சீட்டத்தான் பாத்துக்கினு இருக்கேன்.

அது துணைக்கால் இல்ல மாமா. பேனா இழுத்துக்கினு போயிருக்குது. பெருமுக்கல் திருப்பத்துல பஸ்ஸு ஒரு குலுக்கு குலுக்கிச்சு… ஆமா, பஸ்ஸுலதான் எழுதினேன். மடியில வெச்சு… திண்டிவனத்துல எறங்கறதுக்குள்ள முடிக்கணும், அதே கண்டக்டரு திரும்பிப் போறாரேன்னு… இல்ல, 'ல'வுக்குப் பக்கத்துல… ஆமா, பாக்கிறதுக்குக் கால் மாரிதான் இருக்குது…

மாரி இல்ல. கால்தான். நெட்டுக்குத்தலா நிக்குது. அந்தாளு சரியாத்தான் படிச்சிருக்காரு.

…சொல்லுங்க. கேட்டுக்கினுதான் இருக்கேன்… ம்… ம்… ஆமா… அதுவும் உண்மைதான்.

மாமா, நான் ஒண்ணு சொல்லலை உங்களுக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லன்னேனே… மாரியப்பனுக்குக் கையில சுட்டுடுச்சு. வலது கை… குழா போனதும் நான் அப்படியே நின்னுட்டேன். கை வரலை எனக்கு. மூணு தடவை புஸ்தகத்துல படிச்சிருக்கேன், மொதல்ல நெருப்ப எடுக்கணும்னு. அவரு ஒண்ணும் படிக்கலை, கதவத் தொறந்து கரிய எல்லாம் வாரி வாய்க்காலுல தள்ளினாரு. கரி வார்ற கம்பி எடுக்கக் கூட நிக்கலை… கொப்புளம். பெருசுதான். முண்டியம்பாக்கத்துல அவரு தங்கச்சி வீடு இருக்குதாம், அங்கேர்ந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கிளியம்மா கூப்புட்டுக்கினு இருந்தாங்க, அவரு தோணிய வுட்டு வரலை… அதுக்கப்புறம்தான் மாமா நானு அவரப் படிக்காத ஆளுன்னு… ஆமா. கை சுட்டதுக்கு அப்புறம்தான்.

திட்டுங்க. இதுக்குத் திட்டுங்க.

…ம். சரி… சரி மாமா. நீங்க வர்றீங்களோ இல்லியோ, நான் போறேன். மரக்காணத்துக்கு சாயங்கால பஸ்ஸு இருக்குது. சீட்டையும் எடுத்துக்கினு போறேன்… இல்ல, அவருக்குக் காட்டினா என்னா தெரியும், நானேதான் சொல்லணும். எல்லாரும் இருக்கறப்பவே சொல்றேன். எல்லாரும் இருக்கறப்பதானே திட்டினேன்… விருத்தாசலத்துகிட்டயுமா? மூக்குப்பொடிக்காரர்கிட்டயுமா?… சரி. சரி, சரி, அவருகிட்டயும்தான்.

அப்படிச் சொன்னா வர்றீங்களா? ஞாயித்துக்கெழமை?… சத்தியமா? எக்ஸ்பாண்டரோட?… அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா அது என்னைத்தான் அடுப்புல வைக்கும்.

மேடம், ஒரு நிமிஷம் மேடம், கட் பண்ணாதீங்க… ஒரே நிமிஷம்… மாமா, ஜல்தியா கேளுங்க, வெச்சுடாதீங்க. குழா மாத்தினா மட்டும் போதாது. வாய்க்கா முழுக்க உப்பு, போற வழியெல்லாம் நல்ல தண்ணிக்கு எங்க போறது, குடத்துல ஏத்தினா உப்பு மூட்டைக்கு எடம் ஏது? ஆனா அந்தம்மா சொம்புல புடிச்சாங்களே! அந்த ஸ்டீம நாம ஏன் காத்துல வுடணும்? ஒரு செப்புக் குழா, படகுக்கு வெளிய, அடிமரத்தோட ஒட்டினாப்புல இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஓட்டிடறோம். அது வாய்க்காத் தண்ணியிலயே முழுகிக்கினு வரும். ஸ்டீம அதுக்குள்ள வுட்டா உப்புத் தண்ணி வெளியேர்ந்து குளிர வெக்கும், உள்ள நல்ல தண்ணியா எறங்கும். அத ஒரு சின்ன பம்பு வெச்சு திரும்பப் பாய்லருக்கே. அதே தண்ணி, சுத்திச் சுத்தி. வழியில சிந்தறதுக்கு மட்டும் ஒரு குடம் இருந்தா போதும்… எண்ணெயா? எண்ணெய வடிகட்டலாம், தேங்காநாரு வெச்சு வடிகட்டலாம்… செவ்வாக்கெழமைக்குள்ள முடியுமான்னு கேக்காதீங்க, செப்புக்குழா பாண்டிச்சேரியில கெடைக்குது, நாளைக்கே போறேன். கிளியம்மாதான் இதுக்கு வழி காட்டினாங்கன்னு மாரியப்பன்கிட்ட சொல்வேன். மொதல்ல தப்பு யாருதுன்னு சொல்லிட்டுத்தான், அதுக்கப்புறம்தான் இது… அவரு அந்தக் கையோட எதுரா நிக்கறப்ப, நானு எல்லாத்தையும் ஒத்துக்கினு, அதே மூச்சுல இன்னும் ஒரு வாரம் குடுங்கன்னு கேட்டா… குடுப்பாரா மாமா? நீங்க என்னா நெனைக்கிறீங்க?