ரேடியோ காட்டின ஊர்

இல்லம்மா, அந்தப் பக்கம் வேண்டாம். வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். இப்படி ஜன்னலோரமா வாங்க. ஆங், அப்படித்தான். பையை மடியிலயே வச்சுக்கறீங்களா? சரி, உங்க இஷ்டம். படகு கொஞ்சம் ஆடும், அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போறவங்க தினமும் போற படகு இது. பாருங்களேன், கிளம்பறதுக்குள்ளயே பாதிப் பேரு தூங்கியாச்சு.

அதோ வெள்ளையா, கொடியெல்லாம் கட்டி நிக்குதே, அது வெளியூர்க்காரங்களுக்கு. அதுல ஏறினா டிக்கெட்டுல தோலை உரிச்சுடுவாங்க. கூட ஒரு பேப்பர் தொப்பி குடுப்பாங்க. ஆறு ஒண்ணுதான், தண்ணியும் அதே அழுக்குத் தண்ணிதான். அதை மைக்குல கூவிக் கூவி விக்கிறவனே நான்தாம்மா. ஆனா நம்ம வீட்டு மனுஷங்க யாராவது வந்தா இந்தப் படகுலதான் கூட்டிட்டு வருவேன். என் தொழில் ரகசியம், வெளிய சொல்லிடாதீங்க.

என்ன? பேசிட்டே வர்றேனா? அட, அதுக்குத்தானே உங்க பையன் எனக்கு ரேடியோன்னு பேரு வச்சிருக்கான். ஒரே ரூம்ல நாலு வருஷம் இருக்கோம், ஒரு நாள்கூட என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. டேய் ரேடியோ, அணைச்சுட்டுப் படுடா, அம்புட்டுதான்.

இந்தா, இப்ப பாருங்க, இடது பக்கம். அரண்மனை. முன்வாசல்ல கால் கடுக்க நின்னு, உள்ள போயி, கயிறு கட்டின நாற்காலியை எட்ட நின்னு பாத்துட்டு வருது ஜனம். பின்பக்கம் எப்படி இருக்கு பாருங்க! கொடியில போர்வை காயுது. அந்த ரெண்டு காவல்காரங்களும் தொப்பியைக் கழட்டி வச்சிட்டு தலையைச் சொறிஞ்சிட்டு இருக்காங்க. முன்னாடி சிலை மாதிரி நிக்கிற அதே ஆளுங்கதான். அரண்மனைன்னா இதைத்தான் பாக்கணும்னு நான் சொல்லுவேன். சிரிக்கறீங்க. அப்பாடா, மத்தியானத்துலேருந்து இப்பதான் ரெண்டாவது தடவை சிரிக்கறீங்க.

மொதத் தடவையா? மியூசியத்துல! அந்த மூலை ரூம்ல, பழைய அடுப்பு, அலுமினியச் சட்டியெல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சிருந்தாங்களே, அங்க. இதெல்லாம் எங்க வீட்டுப் பரண்ல கெடக்கு, என்னையும் சேத்து உள்ள வச்சுப் பூட்டிக்கச் சொல்லுடான்னீங்களே, அந்தக் காவலாளி அம்மாவே சிரிச்சுட்டாங்க. மத்த ரூம்ல எல்லாம் கத்தியும் கிரீடமும்தான். எவன் பாப்பான்.

கோபுரமா? கோபுரத்துல எனக்குப் பிடிச்சது மேல இருந்து தெரியற ஊரு இல்லம்மா. மேல போனா ஊரே தெரியும், கோபுரம் மட்டும் தெரியாது. அந்த லிஃப்ட்தான் விசேஷம். உங்க பையன் கைவச்ச லிஃப்ட்டாச்சே. ஏறும்போது ஒரு குலுக்கல் இருக்காது, கவனிச்சீங்களா? நீங்க கண்ணை மூடிட்டு இருந்தீங்க, எங்க கவனிச்சிருப்பீங்க. இறங்கும்போது மட்டும் அந்த இரும்புச் சுவரைத் தடவிக் குடுத்தீங்க, பால் குடுக்கற மாட்டைத் தடவுற மாதிரி. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

டிக்கெட் கவுன்ட்டர்ல இருந்த பொண்ணா? தெரியலையேம்மா. புதுசு போல இருக்கு. வழக்கமா இருக்கறவங்க இன்னிக்கு லீவோ என்னவோ. எனக்கு என்ன தெரியும், நான் ஊர் சுத்திக் காட்டற பஸ்ஸுல மைக் பிடிக்கறவன்.

பாலம் வருது, பாலம் வருது, தலையை உள்ள இழுத்துக்கங்க. இந்தப் பாலத்துக்கு அடியில போகும்போது மட்டும் எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. ஏன்னு தெரியாது. குளுகுளுன்னு இருக்கும். இதுக்குக் காசு வாங்க முடியாதுன்னு எங்க முதலாளிக்கு ரொம்ப வருத்தம்.

இல்லம்மா, அவன் போன் இல்ல. கம்பெனியிலேருந்து. எடுக்கலன்னா செத்தா போயிடுவான், அப்புறம் பேசிக்கலாம்.

வியர்க்குதா? எனக்கா? ஆமா, காத்து வராத பக்கமா உக்காந்துட்டேன். திருட்டு முழியெல்லாம் இல்லம்மா, என் முழியே அப்படித்தான்.

புதுச் சட்டையா... காலையில போட்டிருந்தானே, அதுவா. அது வந்து, யாரோ பெரிய அதிகாரி லிஃப்ட்டைப் பாக்க வர்றாங்களாம். அதான் டிப்டாப்பா போனான். நீங்க திடுதிப்புன்னு வந்து கதவைத் தட்டவும் பயலுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்கதான் காலர் மடிஞ்சிருக்குன்னு சரி பண்ணி விட்டீங்க. மேல் பொத்தானையும் போட்டு விட்டீங்க. அவன் கழுத்தைத் தூக்கிக் காட்டிட்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்னான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இல்ல, சும்மாதான்.

பத்து நாளைக்கு முன்னாடி போன் பண்ணி, மூட்டு வலி எப்படி இருக்குன்னு கேட்டானா? அதுக்கா இவ்வளவு தூரம் கிளம்பி வந்தீங்க? பிள்ளை கேட்டா சந்தோஷம்தானே படணும். அப்படியா. அவன் அப்படியெல்லாம் கேக்கற ஆளு இல்லைன்னு உங்களுக்குப் பட்டுச்சா. ஏதோ சொல்லிக்காம விடை வாங்கிக்கற மாதிரி இருந்துச்சா. ம்.

இதுதான் பாராளுமன்றம். அந்தக் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். ரிப்பேர் பண்ணணும்னா ஓட்டெடுப்பு நடத்தணும்னு நான் மைக்குல சொல்லுவேன், பஸ்ஸே கைதட்டும். இன்னிக்கு எனக்கே சிரிப்பு வரல, விடுங்க.

அடுத்த துறையா? அது ஸ்டேஷன் துறை. அங்க ஒண்ணும் இல்லம்மா, ஒரே கூட்டம், புகை, மூட்டை தூக்கறவங்க சண்டை. நாம கடைசித் துறை வரைக்கும் போறோம். பூங்கா. இருட்டினதும் தண்ணி மேல கலர் கலரா விளக்குப் போடுவாங்க. அங்கேயே சாப்பிட்டுட்டு ராத்திரிக்கு மெதுவா ரூமுக்குப் போயிடலாம். அவன் வந்துடுவான், வராம எங்க போயிடப் போறான்.

என்னம்மா தேடறீங்க பைக்குள்ள? தண்ணியா? நான் வாங்கித் தர்றேனே... இது என்ன? ஸ்வெட்டரா? நீங்க பின்னினதா? நல்லா இருக்கு. ஆனா இவ்வளவு சின்னதா... இது யாருக்கும்மா?

அந்தக் குழந்தைக்கா.

உங்களுக்கு எப்படி... ஆமா, கோபுரத்துல டிக்கெட் குடுக்கறவ, ஒரு குழந்தை இருக்குன்னு எல்லாம் அவன்தான் போன்ல சொல்லியிருந்தானே. அன்னிக்கு நானும் பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தேன். ஒரு தடவை கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளையும் இருக்கற பொண்ணு, உன்னைவிட மூத்தவ, அவ வந்தா நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு நீங்க சொன்னது எனக்கே கேட்டுச்சு. அதுக்கப்புறம் ராத்திரி பூரா அவன் படுக்கல.

கோவத்துல சொன்னதா. சொல்லிட்டு நீங்களும் தூங்கலையா. அப்புறம் யோசிச்சுப் பாத்தீங்களா. நானும் ஒத்தையாத்தானே ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு நின்னேன், எனக்கு அன்னிக்கு யாராவது வந்திருந்தா... அப்படின்னு.

அம்மா, அழாதீங்கம்மா. எல்லாரும் பாக்கறாங்க. பாத்தா பாக்கட்டும், நீங்க அழுங்க.

அந்தக் கவுன்ட்டர்ல அவ இருப்பான்னுதான் கோபுரத்துக்கு வரேன்னீங்களா? மூட்டு வலியோட அந்த வாசல் படியெல்லாம் ஏறி? அவளைப் பாத்து, குழந்தை என்ன உசரம்னு கேட்டு, பத்தலைன்னா பிரிச்சுப் பின்னித் தர்றேன்னு சொல்லலாம்னு.

சரியா இருக்கும்மா. அளவு சரியாத்தான் இருக்கும். இத்துனூண்டுதான் இருக்கா. முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. உங்க பையனை லிஃப்ட்டுன்னுதான் கூப்பிடுவா. லிஃப்ட்டு, தூக்குன்னு கையை நீட்டுவா. அவனும் தூக்குவான்.

நான் ஒண்ணு சொல்றேன். படகுல வச்சு சொல்லக் கூடாது, ஆனா இனிமே வேற எடம் கிடைக்காது எனக்கு.

காலையில அதிகாரியும் வரல, ஒருத்தனும் வரல. ரிஜிஸ்டர் கல்யாணம். உங்ககிட்ட குளிச்சிட்டுப் படுங்க, ஒரு சின்ன வேலை முடிச்சிட்டு வந்து ஊரைச் சுத்திக் காட்டறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அந்தச் சின்ன வேலை அதுதான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். நீங்க போட்டு விட்ட பொத்தானை அவன் கழட்டவே இல்லம்மா. புழுங்குது, கழட்டுடான்னு சொன்னேன், மாட்டேன்னுட்டான்.

இருங்க, இன்னும் இருக்கு. அவனுக்குத் துறைமுக ஊருக்கு மாத்தல் ஆகியிருக்கு. மூணு பேரும் இன்னிக்கு சாயங்கால ரயில்ல போறாங்க. ராத்திரி ரூமுக்குப் போனா அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அவன் கட்டிலும் ஒரு காலி ஆணியும்தான் இருக்கும். அவசர வேலைன்னு வெளியூர் அனுப்பிட்டாங்கன்னு நான் உங்ககிட்ட சொல்லணும். நாளைக்குக் காலையில உங்களை வண்டி ஏத்தி விடணும். இதுதான் ஏற்பாடு.

அவன் ஏற்பாடு இல்லம்மா. அவனைத் திட்டாதீங்க.

காலையில நீங்க உள்ள முகம் கழுவிட்டு இருந்தப்போ அவன் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போனான். அம்மாவே வந்துட்டாங்கடா, சொல்லிடறேன், கூடவே கூட்டிட்டுப் போயிடறேன், திட்டினா திட்டட்டும், அடிச்சா அடிக்கட்டும்னான். நான்தான் அவன் கையைப் பிடிச்சு இழுத்தேன். வேண்டாம்டா, அங்க வந்து ரகளை ஆயிடும், அந்தக் குழந்தை முன்னாடி அவங்க ஏதாவது சொல்லிட்டா அப்புறம் எடுக்க முடியாது, நீ கிளம்பு, அம்மாவை நான் பாத்துக்கறேன், நாள் முழுக்கச் சுத்திக் காட்டறேன், அவங்களுக்கு யோசிக்கவே நேரம் இருக்காதுன்னேன். நான் தினம் செய்யறது அதானே. கூட்டத்தை நடக்க வச்சுக்கிட்டே இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பஸ்ல வர்றவங்களுக்குச் செய்யறதை உங்களுக்கும் செஞ்சுட்டேன். நாலு வருஷமா ஒவ்வொரு போன்லயும் ரேடியோ சாப்பிட்டானான்னு கேட்டவங்களுக்கு.

அவன் நல்லதுக்குன்னு நினைச்சேன்னு சொல்லலாம். பாதி அதுதான். மீதி என்னன்னா, உங்களைச் சமாளிச்சுடுவேன்னு ஒரு திமிரு. எத்தனையோ ஊரு ஆளுங்களைச் சமாளிக்கறவன், ஒரு அம்மாவைச் சமாளிக்க மாட்டேனான்னு. நீங்க அந்தக் கவுன்ட்டர் முன்னாடி நின்னு எட்டி எட்டிப் பாத்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம். வாங்கம்மா மேல போலாம், வரிசை பெருசாகுதுன்னு சொன்னேன்.

ஆமா, அந்தப் போன் அவன்தான். மூணு தடவை பண்ணிட்டான். அம்மா சாப்பிட்டாங்களான்னு கேக்கறதுக்குத்தான் இருக்கும். இந்தாங்க, நீங்களே பேசுங்க. என்ன... வேண்டாமா? நேர்லதான் பேசணுமா?

இன்னும் கிளம்பியிருக்காதும்மா. நிச்சயமா கிளம்பியிருக்காது. துறையிலேருந்து ஸ்டேஷன் எதிர்லயே, ரோட்டைத் தாண்டினா போதும். மெதுவா நடந்தாலும் பிடிச்சுடலாம். கடைசிப் பெட்டிங்க பக்கம்தான் நிப்பாங்க. நான் ஓடிப் போயி நிறுத்தி வைக்கறேன். நான் வரக் கூடாதுன்னாலும் சரி, வழி மட்டும் காட்டிட்டு நின்னுக்கறேன்.

எழுந்திருங்க, துறை வந்துடுச்சு. ஸ்வெட்டரை உள்ள வைக்காதீங்க, கையிலயே வச்சுக்கங்க, தூரத்துலேருந்தே அவளுக்குத் தெரியட்டும். படி ஈரமா இருக்கும், பாத்து. என் கையைப் பிடிச்சுக்கங்க.

என் கை வேண்டாமா? சரிம்மா. கம்பியைப் பிடிச்சுக்கங்க.