ஊர் வாரியாகப் பார்த்தால்

பாவூர்சத்திரம் சந்தைக்கு நீங்களும் போயிருப்பீர்கள் சார். ஒரே லோடு காயை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். காய் வாரியாகப் பிரித்தால், கத்தரியில்தான் சொத்தை அதிகம் என்று உடனே தெரிந்துவிடும். ஊர் வாரியாகப் பிரித்தால், ஒவ்வொரு ஊர்க் குவியலிலும் ஒன்றிரண்டு சொத்தை கிடக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். காய் என்னவோ அதேதான். நான் செய்ததும் அவ்வளவுதான். கணக்கை அழித்தேன், திருத்தினேன் என்றெல்லாம் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். ஒரு வரியைக்கூட நான் அழிக்கவில்லை.

மேலகரத்து டயாலிசிஸ் மையத்தில் எனக்கு டாஷ்போர்டு வேலை. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர், ஊர், எந்த மெஷின், காய்ச்சல் வந்ததா, உடன் வந்தவர் யார் என்று நர்சுகள் பதிந்துவிடுவார்கள். அதை எண்ணி அட்டவணையாக்கி, மதுரையில் இருக்கிற பெரிய டாக்டரின் திரைக்கு நான் அனுப்புவேன். ஒரு வரியில் காய்ச்சல் வந்தவர்கள் மூன்று பேரைத் தாண்டினால் கட்டம் சிவக்கும். சிவந்தால் அவர் கூப்பிடுவார். பச்சையாக இருந்தால் அப்படியே ஒப்புதல் கொடுத்துவிடுவார். அவரை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். படித்தவர், விட்டுவிட்டீர்கள்.

யாருக்கு எந்த மெஷின் என்று ஒதுக்குவதும் என் பொறுப்புதான். என் மனைவி சங்கரேஸ்வரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மையத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் அவள். அவளுக்கு நாலாம் மெஷின் வந்தது.

ஒரு நாள் ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்துப்போனது. நர்சு இசக்கிச்செல்வி போர்வையைப் போர்த்திவிட்டு என்னிடம் வந்தாள். “அண்ணே, நாலுல உக்காருதவங்களுக்குத்தான் குளிருது. கணக்க ஒரு எட்டு பாருங்க” என்றாள். பார்த்தேன். மெஷின் என்ற தலைப்பை இழுத்து வரிசையில் போட்டு மெஷின் வாரியாகப் பிரித்ததும் நாலாம் கட்டம் சிவந்து நின்றது. மற்றவை எல்லாம் பச்சை.

இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தச் சிவப்பை அனுப்பியிருந்தால் மெஷினை நிறுத்தியிருப்பார்கள். உதிரிபாகம் வந்து சேர மாதக்கணக்காகும். ஒரு மெஷின் குறைந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்களைத் திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. சங்கரேஸ்வரி ஆலங்குளம் தாண்டுவதற்குள் மயங்கிவிடுவாள். வாரத்துக்கு மூன்று முறை அந்தப் பஸ்ஸில் அவளால் போய்வர முடியாது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மெஷின் என்ற தலைப்பை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு ஊர் என்ற தலைப்பைப் போட்டேன். ஆய்க்குடியில் ஒன்று, இலஞ்சியில் ஒன்று, செங்கோட்டையில் இரண்டு. எல்லாம் பச்சை. இசக்கிச்செல்விக்கும் அதையே காட்டினேன். திரையைப் பார்த்தாள், தான் பார்த்ததைச் சந்தேகப்பட்டாள், போய்விட்டாள்.

அதோடு சங்கரேஸ்வரியை ஏழாம் மெஷினுக்கு மாற்றினேன். அப்படியானால் ஏழில் இருக்கிற ஒருவர் நாலுக்கு வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைத் தொட்டேன் என்று நினைக்காதீர்கள், நான் அவ்வளவு இரக்கமில்லாதவன் அல்ல. ‘உடன் வந்தவர்’ என்ற தலைப்பை எடுத்து, யாருக்கு அந்தக் கட்டம் அதிகமுறை காலியாக இருக்கிறது என்று எண்ணினேன். யாரும் இல்லாதவர் என்றால் அழ ஆள் குறைவு. அதுதானே நியாயம்? முதலில் வந்த பெயர் சுல்தான் பீவி. இரண்டு மகன்கள், இரண்டு பேரும் துபாயில்.

மூன்றாவது வாரம் ரத்தத்தில் நஞ்சு ஏறி அந்த அம்மா இறந்துபோனார். அந்த இடத்துக்கு சொரிமுத்து என்பவரைப் போட்டேன். அவர் பிழைத்துக்கொண்டார். அதை மட்டும் எந்தப் பேப்பரும் எழுதவில்லை.

மரியாதைக்கு நானும் துக்க வீட்டுக்குப் போனேன். அங்கேதான் எனக்குத் திக்கென்றது. தெரு நிறையப் பெண்கள், தங்களைப் பெற்ற தாய் போனதுபோல் அழுதுகொண்டிருந்தார்கள். மாஜிதா என்று ஒரு பெண், முறை வைத்துத் தெருவே மாமியை ஆட்டோவில் கூட்டிவந்த கதையைச் சொன்னாள். இன்று இவள், நாளை எதிர்வீட்டு நூர்நிஷா. பதியும்போது நர்சுகள் என்ன உறவு என்று கேட்பார்களாம். “பக்கத்து வீடுன்னு சொன்னா கம்ப்யூட்டர்ல அதுக்கு எடம் இல்லன்னுட்டாக. நாங்க எல்லாருந்தான்னு சொல்லுவோம். அந்தக் கட்டத்தக் காலியா வுட்டுருவாக.”

மகன், மகள், கணவன், மனைவி, உடன்பிறப்பு. அந்த உறவுப் பட்டியலைச் செய்தவன் நான். பக்கத்து வீட்டையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். என் தரப்பில் பிழை என்றால் அது ஒன்றுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மாஜிதா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மாமி ஏழிலிருந்து நாலுக்குப் போன பிறகுதான் படுத்தார் என்று மையத்துக்கே வந்து சங்கரேஸ்வரியிடம் சொல்லியிருக்கிறாள். நாலிலிருந்து ஏழுக்கு வந்தவள் தான்தான் என்று சங்கரேஸ்வரிக்குத் தெரியாதா? நான் வீட்டுக்குப் போனபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நான் எந்திரிச்ச எடத்துல அவுகள உக்கார வச்சியளா?”

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. எல்லாம் உனக்காகத்தான் என்றேன்.

“என்னைக் கேட்டியளா?” என்றாள். மறுநாள் உங்களிடம் வந்தாள். தெரியும், மறைக்க வேண்டாம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நாளைக்குத் தூக்குக் கயிறு என்றாலும், மறுபடி அந்தத் திரை முன்னால் உட்கார வைத்தால் இதையேதான் செய்வேன். மனைவி உள்ள எவனும் செய்வான். நீங்களும் செய்வீர்கள், யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு உதவி. சங்கரேஸ்வரி மெஷினுக்குப் போக மாட்டேன் என்று படுத்துவிட்டாளாம். போன சனிக்கிழமையும் போகவில்லை, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கிறாளாம். அவளுடைய இடம் அப்படியேதான் இருக்கிறது, நல்ல மெஷின். ஒரு பெண் போலீசை அனுப்பி, கையைப் பிடித்து இழுத்தாவது அங்கே உட்கார வையுங்கள். இவள் செத்துப்போனால், நான் அந்த அம்மாவைக் கொன்றது வீணாகப் போய்விடும் சார்.