நாற்பதைத் தொடாத ஊர்

என்னை இவ்வூரில் பாதரச வாத்தியார் என்பார்கள். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். பணி ஓய்வுக்குப் பின்னும் உதிரவில்லை. நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் குறித்து, வாயிலில் உள்ள கரும்பலகையிலும் எழுதுவேன். முப்பத்தோர் ஆண்டுகளாக இது தவறியதில்லை. என் மனைவியை அடக்கம் செய்த அன்றும் இரண்டு மணிக்கு அங்கிருந்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, பெட்டிக்கு இருபதடி தள்ளித் தார்ச்சாலை போட்டார்கள். வேலையை மேற்பார்வையிட்ட மேஸ்திரி என் மகளின் கணவர். அந்தக் கோடையில் பாதரசம் வழக்கத்தைவிடச் சற்று ஏறிற்று. எனக்கு ஐயம் எழுந்தது. இவ்வெப்பம் வானத்தினுடையதா, சாலையினுடையதா? சாலையின் சூட்டை வானத்தின் பெயரில் எழுதுவது அறிவியலாகாது என்று கருதி, அரை டிகிரியைக் கழித்து எழுதினேன். அதற்குத் திருத்தம் என்று பெயரிட்டேன். ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்திய கைக்கு அது பிழையாகத் தோன்றவில்லை.

அவ்வாண்டே சங்கத்தில் சேர்ந்தேன். உலகம் சூடாகிறது என்பது ஆய்வுக்கூடங்கள் கட்டிவிட்ட கதை என்று உறுதியாக நம்பிய பதினான்கு பேர், ஞாயிறுதோறும் மருந்துக்கடை மாடியில் கூடுவோம். கடைக்காரரே செயலாளர். என் நோட்டுகளைப் புரட்டிய அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சார், இருபத்திரண்டு வருஷமா நாற்பதைத் தொடாத ஊர். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வகுப்பில் மாணவர்கள் எழுந்து நின்றது வழக்கத்தினால். எனக்காக ஒருவர் எழுந்தது அன்றுதான்.

மாப்பிள்ளைக்கு எங்கள் கூட்டம் வேடிக்கை. "வெயில் ஏறலைன்னு பேசறதுக்கா மாமா, மாடியில ரெண்டு ஏசி?" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். நல்ல மனிதர்.

சென்ற ஆண்டு வானிலை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து, பெட்டிக்கருகே கம்பம் நட்டு ஓர் இயந்திரத்தை மாட்டினாள். தேவைக்கு அதிகமாகச் சிரித்தாள். என் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தாள். வேவு பார்க்க வந்தவள் என்று அப்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் வாரம் வந்து, "சார், உங்க நோட்டுக்கும் மெஷினுக்கும் ரெண்டு டிகிரி இடிக்குதே" என்றாள்.

"மெஷினைச் செஞ்சவங்களைப் போய்க் கேளும்மா" என்றேன்.

சங்கம் நகராட்சிக்கு மனு எழுதிற்று, இயந்திரம் கழற்றப்பட்டது. திருத்தம் அதற்குள் இரண்டு டிகிரியாகியிருந்தது உண்மையே. நான் அதை ஒரே நாளில் வளர்க்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அதுவாக வளர்ந்தது.

பலகையில் நாற்பது என்று எழுதப்பட்டால் திறந்தவெளி வேலைகள் அனைத்தும் நிறுத்தப்பட வேண்டும் என்பது நகராட்சியின் விதி. அதை அறியாதவன்போல் உங்களிடம் நடிக்க மாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டியில் நாற்பத்திரண்டு இருந்தது. மறுவாரம் சங்கத்தின் சிறப்பு மலர் வெளிவரவிருந்தது. அட்டையில் நம் ஊரின் முப்பதாண்டுக் கோடு, நாற்பதுக்குக் கீழே நூல் பிடித்தாற்போல் ஓடும். இரண்டைக் கழித்தால் நாற்பது வந்துவிடும். ஆகவே அன்று மட்டும் திருத்தத்தை இரண்டரை ஆக்கினேன்.

இரண்டேகாலுக்கு மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். பக்கத்துத் தெருவில் அவருடைய ஆட்கள் தார் ஊற்றிக்கொண்டிருந்தனர்.

"மாமா, பலகையில முப்பத்தொன்பதரைங்கறாங்க. சரியாத்தானே பாத்தீங்க? இங்க ஆளுங்களுக்குக் கண்ணைக் கட்டுது."

"சரியாத்தான் பாத்தேன்."

"இன்னொரு தரம் பாத்துச் சொல்லுங்களேன். நாற்பதுன்னா இப்பவே நிறுத்திடுவேன். சும்மா நிறுத்தினா இன்ஜினியர் என்னை உரிச்சிடுவார்."

அவருடைய பேச்சு சற்றே குழறிற்று. சென்று பார்த்தேன். பாதரசம் நாற்பத்திரண்டையும் தாண்டியிருந்தது.

"அதேதான், மாப்பிள்ளை."

"நீங்க சொன்னாச் சரிதான், மாமா."

அன்று மூவர் விழுந்தனர். இருவர் எழுந்தனர்.

பத்தாம் நாள், என் மகள் என் அறையில் நின்று நோட்டைப் புரட்டக் கண்டேன். பெற்ற மகளே வேவு பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்று எண்ணினேன்.

"அவர் குடிச்சிட்டு வேலைக்கு வந்தார்னு இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கார்ப்பா. ஒரு நாள் தொட்டதில்லை அவர். வெயில்தான் காரணம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கு நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

"எழுதியிருக்கிறதுதாம்மா."

அவள் நோட்டை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

நாற்பத்திரண்டு என்னும் எண்ணை உங்களைத் தவிர வேறெவரும் அறியார். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதில் இரண்டரை டிகிரி சாலையினுடையது. மாப்பிள்ளை நின்றதும் சாலையின் மேல்தான். அவரைக் கொன்றது சாலை. வானத்துக்கு அதில் பங்கில்லை. அவ்வகையில் என் திருத்தம் மிகவும் சரியாகவே இருந்திருக்கிறது.

நாளை பத்து மணிக்கு நகராட்சிக் கூடத்தில் விசாரணை. மகள் முன்வரிசையில் அமர்ந்திருப்பாள். அதிகாரி என்னிடம் அன்றைய வெப்பத்தைக் கேட்பார்.

முப்பத்தொன்பதரை என்று சொல்லப் போகிறேன்.