மிஞ்சிய தட்டு

எனக்குச் சாப்பாடு வீணாவது பிடிக்காது, ஐயா.

பள்ளி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு அட்டை கொடுப்பது என் வேலை. முன்பு ஐந்து கையெழுத்து வேண்டும். பாதிப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். நான்தான் ஒரே கையெழுத்தாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இப்போது நானூறு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் ஆசிரியை தினமும் நாள்குறிப்பு எழுதச் சொல்லியிருப்பதால் தேதியெல்லாம் சரியாக இருக்கும்.

அந்த அம்மா விண்ணப்பத்தோடு வந்தது ஒரு திங்கட்கிழமை. கால் ஒடிந்து வேலை போயிருந்தது. மகளுக்கு எட்டு வயது. முகத்தைப் பார்த்ததும் சந்தேகம்; பழைய பதிவேட்டை மூன்று முறை சரிபார்த்தேன். அவள்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே பள்ளியின் சாப்பாட்டு மேற்பார்வையாளர். என் தங்கையின் அட்டை நனைந்து கிழிந்திருந்ததற்காக வரிசையிலிருந்து இழுத்து வெளியே நிறுத்தியவள். நான்காம் நாள் பசி தாங்காமல் தங்கை வேறொரு பிள்ளையின் பையிலிருந்து ரொட்டி எடுத்தாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்குப் பெயர் ‘திருடி’. பள்ளிக்கு மறுபடி போகவே இல்லை.

அந்த அம்மா வாரம் ஒருமுறை வந்தாள்.

“இன்னும் வரலையா தம்பி?”

“மேல இருந்து வரணும்க்கா.”

“மத்த புள்ளைங்க சாப்பிடறப்ப குழாயடியில போய் நின்னுக்கறாளாம். பசிக்குதுன்னு சொல்லவே கூச்சப்படறா.”

“அட்டை இல்லாம வரிசையில விட முடியாதே. உங்களுக்குத் தெரியாததாக்கா?”

அவள் சிரித்துவிட்டாள். “அதுசரி. நானே எத்தனை வாலுங்களை வெளிய நிறுத்தியிருக்கேன். ஒண்ணோட முகம்கூட ஞாபகமில்ல.”

ஒரு முகமாவது ஞாபகம் இருந்திருந்தால் விட்டிருப்பேன் என்று அன்று எழுதியிருக்கிறேன். அது உண்மையா என்று இப்போது தெரியவில்லை.

நாற்பத்தோராம் நாள் அந்தச் சிறுமி பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். தலையில் அடி. மறுநாள் காலை இறந்துபோனாள். விபத்து என்று எழுதினார்கள். படிக்கட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவளுடைய அட்டை முதல் வாரமே வந்துவிட்டது, ஐயா. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது; ஒரு மடிப்புகூட இல்லாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். அட்டைக்கு ஒரு தட்டு என்று எண்ணித்தான் சமையலறை அனுப்பும். தினமும் ஒன்று மிஞ்சும்.

அதை நான் ஒரு நாளும் வீணாக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுவேன்.